அறுவடை நிலாவைப் பார்த்து அளப்பது எப்படி

செப்டம்பர் வந்துவிட்டால் ‘அறுவடை நிலா’ என்று செய்திகளில் ஒரு படம் வரும்: செக்கச்செவேல் என்று, கோபுரத்தைவிடப் பெரிதாக ஒரு நிலா. அதை நம்பி மொட்டை மாடி ஏறுகிறவர்களுக்கு வழக்கமான பௌர்ணமிதான் கிடைக்கும். இந்த நிலாவின் தனித்தன்மை அதன் அளவிலோ நிறத்திலோ இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அது உதிக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு இரவு பார்த்தால் பிடிபடாது. பௌர்ணமிக்கு முந்தின நாள் தொடங்கி நான்கைந்து மாலை, ஒரே இடத்தில் நின்று, கடிகாரத்தோடு பார்த்தால்தான் விஷயம் புரியும்.

எந்தப் பௌர்ணமி?

செப்டம்பர் 22 அல்லது 23 அன்று பகலும் இரவும் ஏறத்தாழ சமமாக இருக்கும். அந்த நாளுக்கு மிக அருகில் வரும் பௌர்ணமிதான் வட அரைக்கோளத்தில் அறுவடை நிலா. செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 7 வரை எப்போது வேண்டுமானாலும் அது விழலாம். 2025-ல் அக்டோபர் 7. 2026-ல் செப்டம்பர் 26. 2027-ல் கிரீன்விச் நேரப்படி செப்டம்பர் 15 நள்ளிரவை ஒட்டி (இந்திய நேரப்படி 16 அதிகாலை). 2028-ல் அக்டோபர் 3. 2029-ல் செப்டம்பர் 22.

நம் கணக்கில் பெரும்பாலும் அது புரட்டாசிப் பௌர்ணமி. 2027 போலப் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டால் ஆவணிப் பௌர்ணமி. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17, 18 வாக்கில் என்பதால் ஐப்பசிப் பௌர்ணமி அறுவடை நிலாவாக இருக்க வழியே இல்லை. தஞ்சாவூரிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் லிங்கத் திருமேனியைச் சோற்றால் மூடி அன்னாபிஷேகம் நடக்கும் நாளை ‘நம்ம ஊர் அறுவடை நிலா’ என்று எழுதுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு பௌர்ணமிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர் வழக்கில் அறுவடை நிலாவுக்கு அடுத்து வரும் பௌர்ணமிக்கு ‘வேட்டை நிலா’ என்று தனிப் பெயர்.

நிலா முழுமையாகும் நேரத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை. நாட்காட்டியில் பௌர்ணமி திதி எப்போது முடிகிறதோ, அந்தக் கணம்தான் நிலா முழுமையாகும் கணம். பலர் திதி தொடங்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு நாள் முந்திவிடுகிறார்கள். திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்; வாக்கியப் பஞ்சாங்கத்தில் சில மணி நேரம் வேறுபடலாம். வழிபாட்டுக்கு எது என்பது அவரவர் மரபு, வானத்தைப் பார்க்கத் திருக்கணிதம்தான் சரி.

அறுவடைக்கும் இதற்கும் என்ன?

இந்தப் பெயர் வந்த ஊர்களின் நிலைமையை வைத்துத்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். செப்டம்பர் 23 வாக்கில் அது பன்னிரண்டு மணியாகச் சுருங்கியிருக்கும். நாளுக்கு நான்கு நிமிடம் போல இன்னும் குறைந்துகொண்டே போகும். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் அறுத்து முடிக்க வேண்டிய நேரமும் அதுதான். அறுத்த தாளைக் கட்டுகளாகக் கட்டி, ஆறேழு கட்டுகளைக் கதிர் மேலே இருக்கும்படி ஒன்றோடொன்று சாய்த்து, வயலிலேயே காயவிடுவார்கள். ஓட்ஸ் கட்டு மூன்று ஞாயிறு தேவாலய மணி கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அங்கத்திய வழக்கு. காய்ந்ததை மழைக்கு முன் வண்டியேற்றியாக வேண்டும். நனைந்தால் கதிரிலேயே முளைவிடும். டிராக்டர் விளக்கு இல்லாத காலத்தில், சூரியன் இறங்கிய கையோடு கிழக்கே வெளிச்சம் ஏறுவது, அதுவும் தொடர்ந்து நாலைந்து நாள் ஏறுவது, வண்டியோட்டிகளுக்குக் கூலியில்லாத ஆள் கிடைத்த மாதிரி.

நிலா வெளிச்சம் எத்தனை நாள் பயன்படும் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உச்சியில் நிற்கும் முழு நிலா தரையில் தருவது கால் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுதான். இரண்டு நாள் தள்ளினாலே அது ஏறத்தாழ பாதியாகிவிடும். பாதி வட்டமாகத் தெரியும் நாளிலோ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் பௌர்ணமியை ஒட்டிய அந்த நாலைந்து நாளில் நிலா சீக்கிரம் உதித்தால் மட்டுமே லாபம். கட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்க இந்த வெளிச்சம் போதும். நிறம் தெரியாது, செய்தித்தாளில் தலைப்பைப் படிக்கலாம், உள்ளே இருக்கும் சின்ன எழுத்து தடுமாறும். நீங்களே சோதிக்க வேண்டுமென்றால் தெருவிளக்கு படாத இடத்தில் கைபேசித் திரையைப் பார்க்காமல் இருபது நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

காவிரிப் பாசனப் பகுதியில் இந்தப் பௌர்ணமி குறுவை அறுவடையின் நடுவில் வருகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து நட்ட பயிர் செப்டம்பர், அக்டோபரில் அறுப்புக்கு வரும். பெரிய அறுவடையான சம்பா கைக்கு வருவது தையில். களத்தில் நிலா வெளிச்சத்தில் போரடித்த வழக்கம் நம்மிடமும் இருந்தது. ஆனால் அதற்கு எந்த மாதப் பௌர்ணமியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏன் என்று கீழே வருகிறது. சீனாவில் எட்டாம் சந்திர மாதத்துப் பதினைந்தாம் நாள் நடக்கும் இடை இலையுதிர்கால விழாவும், கொரியாவின் சுசோக்கும் பெரும்பாலும் இதே பௌர்ணமியில் விழும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலாப் பணியாரமும் காகித விளக்குகளும் கடைக்கு வந்தால் நாள் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தாமதம், எந்த ஊரில்?

நிலா நாளுக்கு சுமார் 13 டிகிரி கிழக்கே நகர்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமி கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால், சராசரியாக ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அறுவடை நிலாவின்போது இந்தத் தாமதம் குறையும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்தில் 40 நிமிடம் போல. டொரொண்டோவில் 25. லண்டனில் 20-ஐ ஒட்டி. ஆஸ்லோவில் பத்துக்கும் கீழே. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர்களில் ஏறக்குறைய அதே நேரத்திலும், சில ஆண்டுகளில் முந்தின நாளைவிட முன்னதாகவும்கூட உதிக்கும்.

சென்னையில் மாலை இருட்டும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் வேலை செய்யும் வெளிச்சம் போய்விடும். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா 40 நிமிடம் கழித்து, அதற்கடுத்த நாள் 80 நிமிடம் கழித்து. நடுவில் கும்மிருட்டு. லண்டனில் அந்தி வெளிச்சமே அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அங்கே மறுநாள் 20 நிமிடம், மூன்றாம் நாள் 40 நிமிடம் என்று நிலா வரும்போது வானம் இன்னும் முழுதாக இருண்டிருக்காது. வெளிச்சம் அறுபடாமல் கைமாறுகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்க இந்தத் தாமதம் 40 நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையிலேயே ஆடுவதால், எந்தப் பௌர்ணமிக்கும் இப்படி ஒரு தனிச் சலுகை இல்லை. லண்டனில் மார்ச் மாதப் பௌர்ணமியின்போது தாமதம் 70 நிமிடம். செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் அங்கே ஒரு பௌர்ணமிக்குத் தனிப்பெயர் வாங்கிக் கொடுத்தது.

தாளில் போட்டுப் பார்க்க

ஒரு ஏ4 தாள், அளவுகோல், கோணமானி போதும். தாளின் மேல்பக்கம் ஒரு படுக்கைக் கோடு. அதுதான் கிழக்கு அடிவானம். அதில் ஒரு புள்ளி வையுங்கள்: இன்று நிலா உதிக்கும் இடம். அங்கிருந்து கோட்டுக்குக் கீழே சாய்வாக 13 செ.மீ. நீளத்துக்கு இன்னொரு கோடு இழுங்கள். ஒரு செ.மீ. என்பது ஒரு டிகிரி. அதன் முனைதான், நாளை இதே நேரத்தில் நிலா நிற்கப்போகும் இடம்.

சாய்வு எவ்வளவு? செப்டம்பருக்கு, 90-இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையையும் பூமி அச்சின் சாய்வான 23.4-ஐயும் கழியுங்கள். லண்டனுக்கு (51.5) 15 டிகிரி, சென்னைக்கு (13) 53.6. மார்ச்சுக்கு 23.4-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள்: லண்டனுக்கு 62. விடை 90-ஐத் தாண்டினால் அதை 180-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு 100 வருவது இப்படி 80 ஆகும்.

இப்போது முனையிலிருந்து அடிவானக் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு ஆழம் என்று அளங்கள். லண்டன் செப்டம்பரில் 3.4 செ.மீ., மார்ச்சில் 11.5. சென்னை செப்டம்பரில் 10.5, மார்ச்சில் 12.8. பதின்மூன்று செ.மீ. நடந்தும் லண்டன் நிலா அடிவானத்துக்குக் கீழே மூன்றரை செ.மீ.கூடப் போகவில்லை; கோடு அவ்வளவு படுத்துக் கிடக்கிறது.

ஆழத்தை நேரமாக மாற்ற, நிலா ஒரு டிகிரி மேலேற எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும்: 4-ஐ அட்சரேகையின் கொசைனால் வகுத்தால் வரும். சென்னைக்கு 4.1 நிமிடம், லண்டனுக்கு 6.4. ஆழத்தை அதால் பெருக்கி, கடைசியில் 4 நிமிடம் கழியுங்கள். வானத்து நட்சத்திரங்கள் எல்லாமே நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதற்கான கழிவு அது. லண்டன்: 3.4 × 6.4 = 22, கழிவு போக 18 நிமிடம். சென்னை: 10.5 × 4.1 = 43, கழிவு போக 39. மேலே சொன்ன எண்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வகுப்பறையிலேயே அரை மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடியது இது.

மாடியில் நின்று அளக்க

கிழக்குப் பக்கம் திறந்த இடம் வேண்டும். கடல் இருந்தால் நல்லது என்று நினைப்போம், ஆனால் மெரினாவில் நின்றாலும் நீரின் விளிம்பிலேயே நிலா தெரிவது அரிது. அடிவானத்து மூட்டம் முதல் ஒன்றிரண்டு டிகிரியை விழுங்கிவிடும். இரண்டு டிகிரி மூட்டம் என்றால் சென்னையில் 8 நிமிடம், லண்டனில் 13 நிமிடம் தாமதம். நாட்காட்டியில் போட்ட சந்திரோதய நேரமும் உங்கள் கடிகாரமும் ஒத்துப்போகாததற்கு முக்கியக் காரணம் இதுதான். பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு நாட்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. ஒவ்வொரு நாளும் அதே தடையைத் தாண்டித்தான் நிலா வருகிறது என்றால், தடை எவ்வளவு உயரமாக இருந்தாலும் வித்தியாசம் பெரிதாகக் கெடாது.

அதனால் மூட்டத்தை நம்பாமல், நீளமான கிடைமட்ட விளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளிக்கட்டடத்தின் கைப்பிடிச் சுவர், மேம்பாலம், ஆலைக் கூரை. தென்னை மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ குறியாக வைத்தால் இரண்டாம் நாளே ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு மாலையும் நிலா உதிக்கும் இடம் வடக்கே, அதாவது கிழக்கு நோக்கி நிற்கும் உங்களுக்கு இடப்பக்கமாக, நகரும். சென்னையில் நாளுக்கு 5, 6 டிகிரி. லண்டனில் 8 முதல் 10. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நான்கு நாளில் இரண்டு முஷ்டிக்கு மேல் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டு விளிம்பின் நீளத்தைத் தீர்மானியுங்கள்.

நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கால் குறி போடுங்கள். ஒவ்வொரு நாளும் நின்றபடியே பாருங்கள். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை ஒரு நாள் நின்றும் மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தால், கண் மட்டம் அரை மீட்டர் இறங்குகிறது. அதுவே கிட்டத்தட்ட 3 டிகிரி. சென்னையில் 12 நிமிடப் பிழை. அளப்பதே நாற்பது நிமிடத்தை என்னும்போது இது தாங்காது. விளிம்பு நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கணத்தைக் குறிப்பது? நிலாவின் மேல் நுனி எட்டிப்பார்க்கும் கணம் நழுவிப்போகும். வட்டத்தின் அடிப்பக்கம் சுவரை விட்டு முழுதாக விலகும் கணத்தைக் குறியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நிமிடமும் கண்ணை எடுக்காதீர்கள். கைபேசிக் கடிகாரம் நொடி வரை சரியாக இருக்கும். தேதி, நேரம், அன்றைய சூரிய மறைவு, விளிம்பில் எந்த இடம் என நான்கு பத்திகள் போட்டுக் குறித்துவையுங்கள். சூரிய மறைவை விட்டுவிடாதீர்கள். லண்டனில் அந்த வாரம் சூரியன் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னதாக மறைகிறது. விவசாயிக்கு முக்கியம் சூரியன் போனதிலிருந்து நிலா வரும் வரை உள்ள இடைவெளிதான். சென்னையில் சூரிய மறைவு நாளுக்கு முந்துவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

தமிழ்நாட்டில் செப்டம்பர் மாலைகளில் இடியும் மேகமும் சகஜம். ஒரு நாள் தவறிவிட்டால் அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வானியல் செயலியில் உங்கள் ஊரைப் போட்டு, விட்டுப்போன நாட்களை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு மறுநாளும் பிறைபோல் எதுவும் தெரியாது, வட்டம்தான் தெரியும். ‘நேற்றா இன்றா பௌர்ணமி’ என்ற சண்டை அதனால்தான் வருகிறது.

பெரிதாகத் தெரிவது

அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். நல்ல பருமனான மிளகு ஒன்றை விரல் நுனியில் பிடித்துக் கையை நீட்டுங்கள். உதிக்கும் நிலாவை அது மூடிவிடும். மூன்று மணி நேரம் கழித்து, நிலா மேலே போன பிறகு அதே மிளகைப் பிடியுங்கள், அப்போதும் மூடும். தாளைச் சுருட்டி அந்தக் குழல் வழியாகப் பார்த்தால் ‘பெரிய’ நிலா சட்டென்று சிறுத்துவிடும். அடிவானத்தில் நிற்கும்போது நிலா நம்மிடமிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால், அளந்தால் ஒரு துளி சிறிதாகக்கூட இருக்கும். சிவப்பு நிறம் காற்றின் வேலை: கிடைமட்டமாக வரும் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடக்கும்போது நீலம் சிதறிவிடுகிறது. அதே காற்று ஒளியை வளைப்பதால், கீழ்விளிம்பு சற்றே நசுங்கினாற்போல் இருக்கும். எந்தப் பௌர்ணமியிலும் இது இப்படித்தான்.

படம் எடுக்க

பௌர்ணமிக்கு முந்தின மாலைதான் படத்துக்கு நல்ல நாள். நிலா சூரிய மறைவுக்கு முன்பே எழுந்துவிடுவதால் வயலும் வீடும் இன்னும் வெளிச்சத்தில் இருக்கும். பௌர்ணமியன்று எடுத்தால் தரை கறுத்து, நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும்.

நிலாவின் தூரம் அதன் விட்டத்தைப்போல் சுமார் 110 மடங்கு. ஒரு பொருள் நிலாவின் அளவுக்குத் தெரிய, அதன் உயரத்தைப்போல் 110 மடங்கு தள்ளி நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. ஐந்தரை அடி ஆள் நிலாவுக்குள் நிற்பதுபோல் வேண்டுமா, 185 மீட்டர் தள்ளிப் போங்கள். சுமார் 66 மீட்டர் உயரமுள்ள தஞ்சைப் பெரிய கோயில் விமானம் முழுவதும் நிலாவுக்குள் அடங்க ஏழு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து எடுத்ததாகச் சுற்றும் படங்கள் ஒட்டுவேலை என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கேமராவில் குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் என்று வரும்: 200 மி.மீ. லென்ஸில் 1.8, 400-ல் 3.6. இருநூறுக்குக் கீழே போனால் நிலா புள்ளிதான். மேலே ஏறிய நிலாவுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/125 நொடியில் தொடங்கலாம். அடிவானத்தில் 1/30 வரை இறங்க வேண்டியிருக்கும். முக்காலி, இரண்டு நொடி டைமர் கட்டாயம். கைபேசியென்றால் தொலைநோக்கு லென்ஸைத் தேர்ந்து, நிலாவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். சில கைபேசிகள் நிலாவைக் கண்டுகொண்டு தாமாகவே அதன் மேடுபள்ளங்களைக் கூர்மையாக்கிக் காட்டும். ஆவணத்துக்கு எடுக்கிறவர்கள் அந்த வசதியை அணைத்துவிடுவது மேல். நிலா வெளிச்சத்தில் குளித்த வயலை எடுக்க ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, மூன்று நான்கு நொடி.

ஆண்டுக்கு ஆண்டு எண் மாறும்

நிலாவின் பாதை, சூரியனின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது; அந்தச் சாய்வின் திசை 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. தாள் கணக்கில் போட்ட 23.4 என்ற எண், உண்மையில் 18 முதல் 28.5 வரை மாறக்கூடியது. 2025-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் மேல் எல்லையில் விழுவதால், லண்டனில் தாமதம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரை இறங்கும். 2034 வாக்கில் அது 25 நிமிடத்தை எட்டும். சென்னையில் இந்த ஏற்றத்தாழ்வு ஐந்தாறு நிமிடம்தான். உங்கள் அளவு 37 என்றோ 43 என்றோ வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள், அப்படியே எழுதிவையுங்கள்.

சிட்னி, மெல்போர்ன், ஆக்லாந்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் மார்ச் 20-ஐ ஒட்டி வரும் பௌர்ணமியில் செய்ய வேண்டும். அங்கே இலையுதிர்காலம் அப்போதுதான். நிலா உதிக்கும் இடம் நாளுக்கு நாள் வலப்பக்கம், தெற்கே நகரும். மேலே செப்டம்பருக்குச் சொன்ன கணக்கையே போடுங்கள்; அட்சரேகையைக் கழிக்கும்போது ‘தெற்கு’ என்பதைக் கண்டுகொள்ளாமல் எண்ணை மட்டும் போட்டால் போதும்.